சிவப்பு வாளி, நீல வாளி

பத்து நாளும் பதினாறரை மணி நேரமும். கீழ்க்குட்டைத் தலைப்பிரட்டைகளை அவள் மேல்குட்டையில் விட்டதற்கும், மேல்குட்டையில் முதல் தவளை மல்லாந்து மிதந்ததற்கும் நடுவே போன நேரம் அது. விட்டது ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு. மிதந்தது வியாழக்கிழமை காலை ஆறரைக்கு. இந்தக் கணக்கு அவளைத் தவிர யாருக்கும் தெரியாது.

மிதந்ததை முதலில் பார்த்தவர் கொக்கு. கொக்கு என்பது பறவையல்ல, காவல்காரர். நிற்கும்போது ஒரு காலைத் தூக்கி மறு முழங்காலில் பதித்துக்கொள்வார். மணிக்கணக்கில் அப்படியே நிற்பார். பெயரைப் பற்றி அவருக்கு வருத்தம் இல்லை. "எல்லாருக்கும் அப்பன் வச்ச பேரு. எனக்கு என் காலு வச்ச பேரு" என்பார்.

இடம் மொத்தம் ஆறு ஏக்கர். ஒரு பக்கம் பஸ் டெப்போவின் மதில், மறுபக்கம் வரிசை வீடுகளின் கொல்லைப்புறம். முன்பு செங்கல் சூளைக்கு மண் எடுத்த குழிகள். சூளை மூடி முப்பது வருடமாகிறது. குழிகளில் மழை நின்று மேல்குட்டை, கீழ்க்குட்டை என்று இரண்டாயின, கோரை வந்தது, கோரைக்குப் பின்னால் தட்டானும் தவளையும் முக்குளிப்பான் பறவையும் வந்தன. அவளுடைய பெரியப்பா மருந்துக்கடையை மூடிவிட்டுச் சும்மா இருக்க முடியாமல் நாலு பேரைச் சேர்த்துச் சங்கம் ஆரம்பித்து, அதைக் காப்பகமாக்கினார். சங்கத்தில் சம்பளம் வாங்குபவர் கொக்கு ஒருவர்தான். குடியிருக்க மோட்டார் ரூமை ஒட்டி ஓர் அறையும் கொடுத்திருந்தார்கள். மற்றவர்கள் எல்லாம் ஞாயிற்றுக்கிழமைத் தொண்டர்கள். பட்டியலில் பன்னிரண்டு பேர், வெயில் காலத்தில் வருவது நாலைந்து பேர்.

அவளை அங்கே எல்லோரும் சைன்ஸ் என்று கூப்பிட்டார்கள். விலங்கியல் படித்தவள். வாய் திறந்து பேசியதை எண்ணி ஒரு கை விரலில் அடக்கிவிடலாம். தண்ணீரின் சூட்டை அளப்பாள், நோட்டில் எழுதுவாள், போய்விடுவாள். ஒரே ஒரு தடவை, போன வருடம், எழுந்து நின்று பேசினாள். தவளைகளுக்கு ஒரு வைரஸ் நோய் உண்டு, ஈரத்தில்தான் பரவும், ஒரு குட்டையில் வந்துவிட்டால் வாளியும் வலையும் செருப்பும் அதை அடுத்த குட்டைக்குக் கொண்டுபோய்விடும் என்றாள். அன்றிலிருந்து மேல்குட்டைக்குச் சிவப்பு வாளி, கீழ்க்குட்டைக்கு நீல வாளி. இடையில் வரப்பின் மேல் கால் நனைக்கும் மருந்துத் தொட்டி. பலகையை அவளே எழுதினாள்: நீல வாளி வரப்பைத் தாண்டக் கூடாது.

"வாளிக்கும் யூனிஃபார்மா" என்று தொண்டர்களில் ஒருத்தியான தபால்காரம்மா கேட்டாள். ஆனாலும் யாரும் மீறவில்லை.

அந்த வியாழக்கிழமை கொக்கு போன் செய்தபோது அவள் பல் விளக்கிக்கொண்டிருந்தாள்.

"சைன்ஸு, கொஞ்சம் வந்துட்டுப் போறியாம்மா. தவளை ஏழெட்டு மெதக்குது. எல்லாம் பெருசு."

போனாள். ஏழெட்டு இல்லை, பதினான்கு. தொடையின் உள்பக்கம் சிவந்து, வயிற்றுத் தோலுக்கு அடியில் ரத்தம் கசிந்து, கால் விரல்கள் சில இல்லாமல். தலைப்பிரட்டைகள் ஓரத்தில் கறுப்பு ரவையைக் கொட்டியதுபோல் ஒதுங்கிக் கிடந்தன. மீன்கள் நன்றாக இருந்தன. மீன்கள் நன்றாக இருந்ததைத்தான் அவள் முதலில் பார்த்தாள். தண்ணீரில் பூச்சிமருந்து மாதிரி ஏதாவது கலந்திருந்தால் முதலில் மேலே வந்து வாயைப் பிளப்பது மீன்தான்.

கொக்கு இரண்டு காலையும் ஊன்றி நின்றார்.

"என்னால வந்த வினைம்மா இது."

"என்னண்ணே?"

"செவ்வாக்கிழமை களைக்கொல்லி அடிச்சேன். பாதையோரம். ஸ்கூல் பிள்ளைங்க வருதுன்னு உங்க பெரியப்பா சுத்தம் பண்ணச் சொன்னாரு. அரிவாளாலதான் சொன்னாரு. எனக்குத் தோள்பட்டை தூக்க முடியல. மச்சான்கிட்ட ஸ்பிரேயர் இருந்துச்சு. காத்து இந்தப் பக்கம்தான் அடிச்சுது, பாத்துக்கிட்டேதான் அடிச்சேன்."

அவள் அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. வந்த வார்த்தையை எச்சிலோடு முழுங்கிவிட்டு, கையுறையை மாட்டிக்கொண்டு தவளைகளைப் பொறுக்கத் தொடங்கினாள்.

சொல்ல வேண்டியது இதுதான்.

அந்த ஞாயிறு மதியம் மற்றவர்கள் போய்விட்டார்கள். கீழ்க்குட்டை ஒரு தாம்பாள அளவுக்குச் சுருங்கியிருந்தது. தண்ணீர் முப்பத்தெட்டு டிகிரி. அதற்குள் நானூறு, ஐநூறு தலைப்பிரட்டைகள், பாதிக்கு மேல் பின்னங்கால் முளைத்தவை, ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெளிந்தன. காகங்கள் நடந்துவந்து கொத்திக்கொண்டு நடந்தே போயின. பறக்கக்கூட அவசரம் இல்லை. அப்படியே விட்டுவிட வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். கோடையில் வற்றுகிற குட்டை வற்றத்தான் செய்யும். ஆனால் நோட்டில் 'இன்று காப்பாற்றியவை' என்று ஒரு பத்தி இருந்தது. மற்றவர்கள் அதில் வேலியில் சிக்கிய பாம்பு, குழியில் விழுந்த ஆமை என்று எழுதியிருந்தார்கள். அவள் பெயருக்கு நேரே மூன்று வருடமாக ஒரு கோடு மட்டும் இருந்தது.

நீல வாளியில் அள்ளினாள். வரப்புக்கு வந்தாள். நீல வாளி வரப்பைத் தாண்டக் கூடாது. ஆகவே வரப்பின் மேல் நின்று, நீல வாளியிலிருந்ததை அப்படியே சிவப்பு வாளியில் ஊற்றினாள். பிறகு மருந்துத் தொட்டியில் காலை நனைத்துவிட்டு, சிவப்பு வாளியைத் தூக்கிக்கொண்டு மேல்குட்டைக்குப் போனாள். ஆறு நடை. ஒவ்வொரு நடையிலும் காலை நனைத்தாள். பூட்டின கதவுக்குச் சாவி போட்டுத் திருடனை உள்ளே விட்டுவிட்டு, மறுபடியும் பூட்டிய கதைதான்.

அதுவும் முழுக்கதை இல்லை. முதல் வாளி அள்ளும்போதே, சேற்றின் ஓரத்தில் மூன்று செத்துக் கிடந்தன. அவள் குனிந்து ஒன்றைக் குச்சியால் புரட்டினாள். வயிறு சிவந்திருந்தது. சூட்டில் செத்தால் வெளிறும், சிவக்காது. இதை அவள் பரீட்சையில் படம் போட்டு எழுதி மதிப்பெண் வாங்கியவள். குச்சியைப் போட்டுவிட்டு, வெயில்தான் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டே அள்ளினாள்.

நோட்டில் எதையும் எழுதவில்லை. எழுதினால் வாளியைப் பற்றிக் கேட்பார்கள். 'காப்பாற்றியவை' பத்தியில் அன்றும் கோடுதான்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் நூற்று நாற்பது தவளைகளைப் பொறுக்கிவிட்டார்கள். தலைப்பிரட்டைகளை எண்ணவில்லை, மண்வாரியால் அள்ளினார்கள். வேலியோரம் குழி வெட்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைத்தார்கள். ஈ மொய்த்தது. தபால்காரம்மா முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டு, "இருபது வருஷமா தபால் போடுறேன், நாய் துரத்தாத தெருவே இல்ல. இந்த நாத்தம்தான் என்னைத் துரத்துது" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. கொக்கு மட்டும், அந்தம்மா மனம் நோகக்கூடாதே என்று, கொஞ்சம் சிரித்தார்.

பெரியப்பா குட்டையைச் சுற்றி ஒருமுறை நடந்துவிட்டு வந்தார். பாதையோரம் கருகிய புல்லைச் செருப்பு நுனியால் தட்டினார்.

"யாரு அடிச்சது?"

"நான்தாங்க" என்றார் கொக்கு.

"தவளை தன் வாயாலதான் கெடும்னு சும்மாவா சொன்னாங்க" என்று தபால்காரம்மா அவள் காதில் கிசுகிசுத்தாள். "ஒத்துக்காம நின்னிருந்தா யாருக்குத் தெரியும்? அசடு."

பெரியப்பா கத்துகிற ஆள் இல்லை. நாற்பது வருடம் கவுன்ட்டருக்குப் பின்னால் நின்றவர். மாத்திரையை எப்போது சாப்பிட வேண்டும் என்று சொல்கிற அதே குரலில் சொன்னார். "அடுத்த ஞாயித்துக்கிழமை சாவியைக் குடுத்துடு. ரூமையும் காலி பண்ணிடு. எனக்கு உன்மேல கோவம் இல்லப்பா. ஆனா இதை நான் விட்டேன்னா நாளைக்கு வாசல்ல காப்பகம்னு போர்டு எதுக்கு?"

"சரிங்க."

"சைன்ஸு" என்று பெரியப்பா அவளைப் பார்த்தார். வெளியில் அவரும் அப்படித்தான் கூப்பிடுவார். "செத்ததுல மூணைக் கவர்ல எடுத்து நீ படிச்ச காலேஜ் லேபுக்கு அனுப்பிடு. மருந்துதான்னு எழுத்துல வரட்டும். ரிசல்ட் எப்ப வரும்?"

"ஆறு வாரம் ஆகும் பெரியப்பா."

"ஆகட்டும்."

அவள் மூன்றைக் கவரில் எடுத்தாள். லேபுக்கு அனுப்பவில்லை.

அவளும் அம்மாவும் இருந்தது இரண்டறை வீடு. அப்பா போனபிறகு வாடகையும் அவள் படிப்பும் பெரியப்பாவின் தோளில்தான் இருந்தன. அவர் அதை ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை. அதனால்தான் அந்த வீட்டில் அவர் பெயரைச் சொன்னாலே குரல் தானாகத் தாழும். அம்மா பள்ளிக்கூட ஆபீஸில் கிளார்க். மாலை வந்ததும் ஐஸ் தண்ணீருக்கு பிரிட்ஜைத் திறந்தாள்.

"ஏண்டி, ஐஸ் பெட்டியில பாலிதீன் கவர்ல சுத்தி வச்சிருக்கியே, என்னது?"

"காலேஜுக்கு அனுப்பணும்மா."

"மீனுன்னு நெனச்சு வெளிய எடுத்துட்டேன். கண்ணு முழிச்சுப் பாக்குது. எப்ப அனுப்புவ?"

"நாளைக்கு."

"எதைக் கேட்டாலும் நாளைக்குன்னுதான் சொல்ற." அம்மா அவள் முகத்தைப் பார்த்தாள். "உடம்பு சரியில்லையா? சோறு அப்படியே இருக்கு."

"வெயில்மா."

"வெயில் எல்லாருக்கும்தான் அடிக்குது" என்று சொல்லிவிட்டு அம்மா கவரைத் திரும்ப உள்ளே வைத்தாள்.

அந்த வாரம் முழுக்க அவள் வேலைக்குப் போவதற்கு முன் காப்பகத்துக்குப் போனாள். கொக்கு அவளுக்கு முன்பே தண்ணீரில் இருப்பார். யாரும் அவரைப் பொறுக்கச் சொல்லவில்லை. வேலை போன ஆள் வேலையை விடாமல் செய்துகொண்டிருந்தார். முழங்காலளவு தண்ணீரில் நின்று, சின்ன வலையால் ஒவ்வொன்றாக எடுத்துச் சிவப்பு வாளியில் போட்டு, வாய்விட்டு எண்ணுவார். செவ்வாய் முப்பத்தொன்று. புதன் பத்தொன்பது. வெள்ளி நான்கு. குறைந்ததற்குக் காரணம் நோய் போனதல்ல, சாவதற்குத் தவளை மிச்சமில்லை. குட்டையோரம் எப்போதும் படுத்திருக்கும் தண்ணீர்ப்பாம்பும் எங்கோ போய்விட்டது. அந்தி நேரத்தில் அந்தப் பக்கம் நடந்தால் காது அடைத்ததுபோல் இருந்தது. டெப்போவில் பஸ்கள் ரிவர்ஸ் எடுக்கும் சத்தம் அவ்வளவு தெளிவாகக் கேட்கும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

சனிக்கிழமை மோட்டார் ரூமின் வாசலில் கொக்கின் மனைவி பாத்திரங்களைச் சாக்கில் அடுக்கிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரி சலவைக் கூடத்தில் வேலை செய்பவள். நடந்து போகும் தூரம் என்றுதான் இந்த அறைக்கு வந்தார்கள்.

"உக்காரும்மா. நாற்காலியைக் கட்டியாச்சு. சாக்கு மேலதான் உக்காரணும்."

"எங்க போறீங்கக்கா?"

"அவர் அக்கா வீட்டுக்கு. ரெண்டு பஸ் மாறி வேலைக்கு வரணும். நாத்தனார் வீடு. போனதும் வாசல்லயே சொல்லுவா, 'வாங்க, வாங்க, எப்பப் போறீங்க'ன்னு." சிரித்தாள். பிறகு சாக்கின் வாயைக் கயிற்றால் இறுக்கினாள். "எனக்குப் போறது பெருசில்ல. இந்த மனுசன் தூங்க மாட்டேங்கிறார். படுத்துக்கிட்டே எண்ணுறார். இருநூத்தி அம்பத்தி நாலுங்கிறார். பேய் புடிச்ச மாதிரி இருக்கு."

கொக்கு குட்டையிலிருந்து ஏறி வந்தார். பேன்ட் முழங்கால் வரை சுருட்டியிருந்தது. கால்கள் தண்ணீரில் ஊறி வெளுத்திருந்தன. அவளைப் பார்த்ததும் நின்றார். காலைத் தூக்கவில்லை.

"ஒண்ணு கேக்கணும்மா. நீ படிச்ச புள்ள. எனக்கு உள்ளதைச் சொல்லு. அந்த மருந்துதானே?"

அவள் சாக்கின் முடிச்சைப் பார்த்தாள்.

"மத்தவங்க என்ன வேணா சொல்லட்டும். நீ சொன்னா நான் ஏத்துக்குவேன். இல்லன்னா ஒரு எடத்துல நிக்குது மனசு. மீனு ஏன் சாகலன்னு."

மீன் ஏன் சாகவில்லை என்று அவரும் பார்த்திருக்கிறார்.

"இருக்கலாம்ணே" என்றாள் அவள்.

"மருந்துதானா?"

"இருக்கலாம்."

அவர் தலையை ஆட்டினார். கையிலிருந்த வலையை உதறிச் சுவரில் மாட்டினார். "அப்ப சரி" என்றார். "அப்ப சரிம்மா. இனிமே நான் தூங்குவேன்." அவர் தூங்க மாட்டார் என்பது அவர் மனைவிக்கும் தெரிந்தது, அவளுக்கும் தெரிந்தது.

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். வீட்டுக்கு நடக்கும்போது அவளுக்கு அந்த வாக்கியம் ஒவ்வொரு அடிக்கும் கேட்டது. அதுவரை அவள் சொல்லாமல் இருந்தாள், அவ்வளவுதான். இப்போது கேட்டதற்குப் பொய் சொல்லிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குத் தகரக் கொட்டகையில் கூடினார்கள். பெரியப்பா, தபால்காரம்மா, இன்னும் இரண்டு தொண்டர்கள், அவள். தகரம் அப்போதே சுடத் தொடங்கியிருந்தது. வெளியே மினி லாரியில் சாமான் ஏற்றியாகிவிட்டது. கொக்கின் மனைவி டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் மடியில் ஒரு சுவர்க்கடிகாரத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பெரியப்பா கணக்குப் பார்த்துப் பொருட்களை வாங்கிக்கொண்டார். மண்வெட்டி இரண்டு. அரிவாள் மூன்று. ரப்பர் பூட்ஸ் நான்கு ஜோடி. கொக்கு ஒவ்வொன்றையும் கையால் தொட்டுக் காட்டினார். சாவிக்கொத்தை மேஜையில் வைத்தார். அதோடு போய்விடுவார் என்று எல்லோரும் நினைத்தார்கள். போகவில்லை. கும்பிட்டார்.

"எல்லாரும் லீவு நாள்ல வந்து ஒழைச்ச எடம். என் சோம்பேறித்தனத்தால இப்படி ஆயிருச்சு. மன்னிச்சுக்கங்க. அந்தப் புள்ள ஒரு வார்த்தை என்னைக் குத்தம் சொல்லல. அதுக்கும் சேத்துத்தான்."

"அண்ணன் இல்ல" என்றாள் அவள்.

யாருக்கும் கேட்கவில்லை. அவள் குரல் எப்போதும் அப்படித்தான், முதல் சொல்லே தொண்டையில் தங்கிவிடும்.

"என்னடி முணுமுணுக்கிற?" என்றாள் தபால்காரம்மா.

"அண்ணன் பண்ணல. மருந்து இல்ல. மருந்தா இருந்தா மீனு செத்திருக்கும்." நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். "நான்தான். கீழ்க்குட்டை வத்துனப்ப தலைப்பிரட்டையை மேல கொண்டுபோய் விட்டேன். ஆறு வாளி. வரப்புல நின்னு வாளி மாத்தி ஊத்தினேன்."

தபால்காரம்மா வாயைத் திறந்து, வழக்கத்துக்கு மாறாக, அப்படியே மூடிக்கொண்டாள்.

பெரியப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே நிதானமாகப் பேசினார். "சரி. பாவம்னு பண்ணியிருக்க. சின்னப் பொண்ணு. அதுக்காக மருந்து அடிச்சது இல்லன்னு ஆயிடாது. ரெண்டும் சேந்திருக்கலாம். லேப் ரிசல்ட் வரட்டும், அப்புறம் பேசுவோம்."

"அனுப்பல பெரியப்பா. நம்ம வீட்டு ஐஸ் பெட்டியிலதான் இருக்கு."

துடைக்கிற கை நின்றது. அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். கோபமாக இருந்தால் தேவலை என்று அவளுக்குத் தோன்றியது. அவர் முகத்தில் கோபம் இல்லை. கடைக்கு வந்தவர் காட்டிய சீட்டில் எழுத்துப் புரியாமல் திருப்பித் திருப்பிப் பார்ப்பவரைப்போல் இருந்தார்.

பேசியது கொக்குதான்.

"விடுங்க சார். புள்ளைய நிக்க வச்சுக் கேக்காதீங்க." அவள் பக்கம் திரும்பினார். முகத்தில் எதுவோ தளர்ந்திருந்தது. பதினொரு நாளாகச் சுமந்ததை இறக்கிவைக்க இடம் கிடைத்த ஆள்போல் இருந்தார். இறக்கிவைத்ததை அவள் தலையில் ஏற்றவும் அவருக்கு மனமில்லை. "அது வெயில்ல துடிச்சதைப் பாத்து மனசு கேக்காம தூக்கியிருக்கு. நோவு இருக்குன்னு அதுக்கு எப்படித் தெரியும்? நானும் தெரியாமதான் அடிச்சேன், நீயும் தெரியாமதான் தூக்கின. தெரியாம செஞ்சதுக்கு யாரும்மா உன்னை என்ன சொல்லப் போறாங்க. அழாத."

அவள் அழவில்லை. தபால்காரம்மா "அதானே" என்றாள். மற்ற இருவரும் தலையாட்டினார்கள். பெரியப்பா மூச்சை விட்டுவிட்டுச் சாவிக்கொத்தை மேஜையின் மறுபக்கம், கொக்கின் கை அருகே, மெல்லத் தள்ளினார். வெளியே மினி லாரி டிரைவர் ஹாரன் அடித்தார். எல்லாம் முடிந்துவிட்டதுபோல் இருந்தது. அவள் உட்கார்ந்துவிட்டால் போதும், முடிந்துவிடும்.

அவள் உட்காரவில்லை.

"தெரியும்ணே" என்றாள். இந்த முறை எல்லோருக்கும் கேட்டது. "அள்ளும்போதே மூணு செத்துக் கிடந்துச்சு. புரட்டிப் பாத்தேன். வயிறு சிவந்திருந்துச்சு. என்ன நோவுன்னு தெரிஞ்சுதான் அள்ளினேன்."